கறுப்பு வெள்ளையில் அப்பா

கோலாலம்பூரில் வடிவமைப்புப் படிக்கிற எனக்கு, விடுமுறைக்குத் தோட்டத்து வீட்டுக்கு வந்தால் கை சும்மா இருக்காது. இந்த முறை அகப்பட்டது முன்னறைச் சுவர். ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்கக் கோலா தெர்லாவிலிருந்து வருகிறார்கள். பெண் பார்ப்பது பேருக்குத்தான். காய்கறி லோரி ஓட்டும் மாப்பிள்ளையும் அக்காவும் ஏற்கெனவே பேசி முடிவெடுத்தாயிற்று. அவருடைய அம்மா தலையாட்டுவது ஒன்றுதான் பாக்கி. அந்த அம்மா சகுனம் பார்ப்பவர் என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வீடு அழகா இருந்தா அவங்க மனசு எறங்கிரும். செவுத்த என்கிட்ட விடு," என்றேன்.

"ரொம்ப ஆடாதடி. கோணலா மாட்டித் தொலைக்காத," என்றாள் அக்கா.

எங்கள் படங்கள் அதுவரை ஆணி கிடைத்த இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் இறக்கி, மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்த சட்டங்களைத் துடைத்தேன். பழைய நாளிதழைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டிச் சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்து, மாற்றி ஒட்டி, பிறகுதான் ஆணி. பலகைச் சுவர், அடித்ததும் இறங்கியது. இடப்பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள், வலப்பக்கம் வண்ணப் படங்கள்.

இடப்பக்கத்தில் தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் கண்ணை உறுத்தியது. தேயிலைத் தொழிற்சாலை வாசலில் அப்பா நிற்கும் படம் என் கைப்பேசியில் இருந்தது. அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ரிங்லெட் பட்டணத்துப் படக்கடையில் பெரிதாகப் போட்டு வாங்கி, ஞாயிறு காலை அங்கே மாட்டினேன். பிரமாதமாக இருந்தது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

அம்மா அடுப்படியில் வடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இயந்திரம் நின்றுவிட்டது என்று அப்பாவைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அப்பாவை முன்பே பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஐயோ, எப்பம்மா தவறுனாரு? ஒரு வார்த்த சொல்லி விடலியே!"

வடைத் தட்டோடு வந்த அம்மா அப்படியே நின்றார். "யாருங்க?"

"உங்க வீட்டுக்காரருதான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் ஒருவரைப் பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில், இறந்தவர்கள் வரிசையில் மாட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அடிப் பாவி!" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

விஷயம் புரிந்ததும் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "உசுரோட இருக்கற மனுஷன செத்தவங்களுக்கு நடுவுல... நல்லது பேச வந்த நாளு. மனசுக்கு என்னவோ போல இருக்கு லா." கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அடுப்படி வாசலில் நின்ற அக்காவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. சட்டையெல்லாம் தேயிலைத் தூளோடு அப்பா நுழைந்தார். எல்லோரும் பார்த்த இடத்தை அவரும் பார்த்தார்.

"என்னது, எனக்கு எடம் போட்டாச்சா? மாலைய காணோமே!"

இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, மாப்பிள்ளையிடம் கையை நீட்டினார். "தொட்டுப் பாரு தம்பி. சூடு இருக்கா?"

"நல்லாவே இருக்கு மாமா," என்றார் அவர், பதறிப்போய்.

"இங்க ஒண்ணும் பேசி முடிக்கல, அதுக்குள்ள மாமாவா!" என்று மகனை அதட்டிய அந்த அம்மாவுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பையைக் கீழே வைத்து எழுந்தார். "மொதல்ல அத எறக்குங்க. அந்தப் பக்கம், கலர் படத்தோட மாட்டுங்க."

மாப்பிள்ளை சுத்தியலை எடுத்தார். ஆணி கொடுக்க அக்கா போனாள். "மேல லா, இன்னும் மேல," என்றார் அவருடைய அம்மா. "கண்ணுக்கு நேரா இருக்கட்டுமே," என்றார் என் அம்மா. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"இந்தா பாப்பா, இவங்க ரெண்டு பேரு கல்யாணப் படத்துக்கு நீ சுத்தியலத் தொடக்கூடாது. நானே வந்து மாட்டுவேன்."

"சரிங்க அத்தை," என்றேன். பின்னால் நின்ற அக்கா என் கையை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டாள்.