மச்சாள் பற்றவைக்காத சிகரெட்

எங்கள் கண்ணாடி அலுமாரியில், கலியாணப் படத்துக்கும் தேநீர்க் கோப்பைகளுக்கும் நடுவே ஒரு சிகரெட் கிடக்கிறது. வீட்டில் ஒருவரும் புகைப்பதில்லை. தூசு தட்டும்போதெல்லாம் மனைவி அதை எறியப் பார்ப்பாள், நான் விடுவதில்லை. அவளுடைய அக்கா, என் மச்சாள், தந்தது அது.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மச்சாள் புலம்பெயர்ந்து வந்த எசன் நகரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்துகொண்டிருந்தார். ஊரில் போர்க்காலத்து ஷெல்லடிக்குள் வளர்ந்தவர். கதவை அடித்துச் சாத்தினாலே கண்ணை இறுக மூடிக்கொள்வார். அவர் வேட்டை உரிமத்துக்குப் படிக்கிறார் என்று அறிந்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இங்கே வந்து துவக்குப் பிடிக்கப் படிப்பதா?

"சத்தம் கேட்டால் கண் என்ரை சொல்லுக் கேக்குதில்லை மச்சான். அதைக் கேக்கப் பண்ணவேணும்," என்றார். எழுத்துப் பரீட்சையில் சுலபமாகத் தேறினார். சுடும் பரீட்சையில் கண்ணை மூடித் தவறவிட்டு, இரண்டாம் முறைதான் தேறினார்.

முதல் வேட்டைக்குத் துணையாக என்னைத்தான் கூப்பிட்டார். மே மாத மாலை. நகரத்துக்கு வடக்கே வாற்கோதுமை வயல்கள், அவற்றின் ஓரத்தில் ஒரு மரப்பரண். "காயத்தோடை தப்ப விட்டிட்டன் எண்டால் இனித் துவக்கைத் தொடமாட்டன்," என்று வழியிலேயே சொல்லிவிட்டார். சுடும் கணத்தில் கண் திறந்திருக்க வேண்டும். மான் எப்படித் துள்ளியது, எந்தப் பக்கம் ஓடியது என்று பார்த்தால்தான் தேடிப் பிடிக்கலாம். முதலில் மேட்டின் உச்சியில் ஒரு ஆண் மான் வந்து நின்றது, கைக்கெட்டும் தூரம் போல. மச்சாள் துவக்கைத் தாழ்த்தினார். "பின்னாலை வானம்தான் கிடக்கு. குண்டு தாங்க மண் இல்லை. அங்காலை ஆர் வாறினமோ தெரியாது." அரை மணி நேரம் காத்திருந்தோம். அது சரிவில் இறங்கிப் பக்கவாட்டில் திரும்பியபோது சுட்டார்.

நான் பார்க்கையில் வயல் வெறுமையாக இருந்தது. இறங்க எழுந்தேன். மச்சாள் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தி, பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். ஒரு சிகரெட் எரிந்து முடியும் நேரம் அசையக் கூடாது என்பது இங்கத்தைய வேட்டைக்காரர் வழக்கம். துரத்தினால் காயம்பட்ட மான் வெகுதூரம் ஓடிவிடும், விட்டால் படுத்துவிடும். புகைக்கத் தெரியாத மச்சாள் அதை விரலிடுக்கில் வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பட்டதோ?" என்றேன்.

"முன்கால் ரெண்டையும் தூக்கிப் பாய்ஞ்சது. இடப்பக்கம் ஓடி அந்தப் பற்றைக்குக் கிட்டத் தலை பதிஞ்சது. நீங்கள் காணேல்லையோ?"

"இல்லை மச்சாள். நான் கண்ணை மூடிப்போட்டன்."

சொன்ன இடத்திலேயே, வாற்கோதுமைக்குள் கிடந்தது மான். இங்கத்தைய வழக்கப்படி, மானுக்குக் கடைசி வாய் உணவாக, அதன் வாயில் ஓக் மரக் கொப்பொன்றை வைத்தார். பிறகு சிகரெட்டை என் சட்டைப்பையில் போட்டார்.

போன ஞாயிறு மச்சாள் வீட்டுக்கு வந்திருந்தார். காற்றில் ஜன்னல் ஒன்று படாரென்று அடித்துக்கொண்டது. நான் கண்ணைத் திறந்தபோது, எந்த ஜன்னல் என்று பார்த்து முடித்து, அவர் அலுமாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அது அங்கையே கிடக்கட்டும் மச்சான்," என்றார்.