எழுபத்தொரு பிசிறு

என் மாமாவுக்குக் கை சும்மா இருக்காது. சட்டைக் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகப் பிசிறு வெட்டும் வேலை. தைத்து வந்த சட்டையில் நூல் நுனி எங்கே நீட்டிக்கொண்டிருந்தாலும் அவருடைய சின்னக் கத்தரிக்கோல் அங்கே போய்விடும். துக்க வீட்டில்கூட, பக்கத்தில் அழுகிறவரின் காலரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருமுறை பல் வைத்தியர் இவர் வாய்க்குள் குனிந்திருந்தபோது, வைத்தியரின் கைமடிப்பிலிருந்த ஒரு நூலை மாமா வெட்டிவிட்டார்.

அதே கம்பெனியில்தான் அத்தை டெய்லர். அவள் தைப்பதை இவர் வெட்டுவார். கல்யாணமும் அப்படித்தான் கூடியது. முதல் நாள் பிசிறைக் காட்டிக் குறை சொல்லப் போனவர், மூன்றாம் நாள் பிசிறே இல்லாத சட்டையோடு போய் நின்றாராம்.

அத்தை நன்றாகப் பாடுவாள். ஆனால் நாற்பது மெஷின் ஓடும் இரைச்சலில் மட்டும்தான். மோட்டார் நின்றால் குரலும் நின்றுவிடும். நாலு முகத்தைப் பார்த்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். அடுத்த மாதம் அவளுக்கு வேலையிலிருந்து ஓய்வு. கடைசி ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டு பாடிவிட்டுப் போகவேண்டும் என்று ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தாள். கொடுத்த நாளிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

யோசனை சொன்ன புண்ணியவதி நான்தான். வீட்டில் பாடிப் பதிவு செய்துகொள்ளலாம், மேடையில் அதை ஓடவிட்டு வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, பீரோவைப் பார்த்து நின்றுகொண்டு நான்கு நிமிடம் பாடினாள். அருமையாக வந்தது. நடுவில் ஒரே ஒரு இருமல். அதை எடுக்கத்தான் பாட்டு வெட்டி ஒட்டும் இலவச மென்பொருள் ஒன்றை மாமாவின் லேப்டாப்பில் இறக்கிக் கொடுத்தேன். மௌஸால் பிடிப்பது எப்படி, வெட்டுவது எப்படி, தப்பாகிவிட்டால் கன்ட்ரோல் இஸட் என்று காட்டிவிட்டு வந்தேன். குரங்கு கையில் பூமாலை கொடுத்தது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திரையில் குரல் நீலக் கோடுகளாக ஏறி இறங்கித் தெரியும். சொல் இருக்கும் இடம் தடிமன். அதற்கு முன்னால் மெல்லிசாக ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் மூச்சு. மூச்சின் சத்தத்தைக் குறைக்கலாம், அடியோடு எடுக்கக்கூடாது என்று பயிற்சி வீடியோவின் எட்டாவது நிமிடத்தில் சொல்கிறார்கள். மாமா ஆறாவது நிமிடத்தில் வீடியோவை மூடிவிட்டார். அவர் கண்ணுக்கு அது பிசிறு. பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டினார். வெட்ட வெட்ட மீதிப் பாட்டு தானாக நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டுப்போட்ட இடமே தெரியவில்லை என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கம்பெனியில் வெட்டிய பிசிறு தரையில் விழக்கூடாது, மேசையோரம் தொங்கும் பையில்தான் விழவேண்டும். அதனால் மூச்சையும் அவர் வீணாக்கவில்லை. வரிசையாக ஒட்டி, ‘பிசிறு’ என்று பெயர் வைத்துத் தனியாகச் சேமித்தார். மொத்தம் எழுபத்தொன்று. நான்கு நிமிடப் பாட்டு இரண்டரை நிமிடமாயிற்று. மேடையிலேயே கேட்டு அசந்துபோகட்டும் என்று அத்தையிடம் போட்டுக் காட்டவும் இல்லை.

விழாவில் முதல் வரி ஒழுங்காகத்தான் வந்தது. அது முடிவதற்குள் இரண்டாம் வரி, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வரி. எங்கேயும் நிற்கவில்லை. அத்தையின் வாய் பின்னாலேயே ஓடியது. கேட்டவர்களுக்கும் தங்களை அறியாமல் மூச்சு நின்றுபோனது. சூப்பர்வைசர் மேல் பொத்தானைக் கழற்றினார். கணக்கர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பாட்டு ஒருவழியாக முடிந்ததும் லேப்டாப் தன் கடமை தவறாமல் அடுத்த பதிவுக்குப் போனது. ‘பிசிறு’. அரங்கம் முழுக்க அத்தை மூச்சு வாங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. முந்நூறு பேரும் கூடவே இழுத்து விட்டார்கள். அதன் பிறகுதான் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுடைய ஒரே ஆசையை நான்தான் கெடுத்தேன்.

அத்தை மைக்கைப் பிடித்தாள். அவள் பார்த்தது முந்நூறு முகத்தையும் இல்லை, லேப்டாப் முன்னால் விழித்துக்கொண்டிருந்த ஒரே முகத்தை.

“இருபத்தாறு வருஷமா என் தையல்ல பிசிறு வெட்டுனீங்க, நான் ஒண்ணும் சொல்லல. மூச்சு விடாம எப்படிங்க பாடுறது? அத நிறுத்துங்க. நானே பாடுறேன்.”

கோபத்தில் தொண்டை அடைக்க மறந்துவிட்டது. பாடினாள். சுருதி இரண்டு இடத்தில் சறுக்கியது. அந்த இருமலும் அதே இடத்தில் வந்தது. அவள் மூச்சு எடுக்கும்போதெல்லாம் மாமாவின் கத்தரிக்கோல் காற்றில் திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான்காவது வரியில் அதைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

‘பிசிறு’ இப்போது மாமாவின் போனில் அழைப்பொலி. யாராவது கூப்பிட்டால் அத்தை மூச்சு வாங்குகிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருகிறார்களாம். நேற்று நான் கூப்பிட்டபோது எடுக்கவே இல்லை. மறுபடி கூப்பிட்டு, என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன் மாமா என்றேன்.

“ஒண்ணுமில்லம்மா, கேட்டுக்கிட்டிருந்தேன். எழுபத்தொண்ணும் வரமாட்டேங்குது, இருபதுலயே கட்டாயிடுது. அதான் திரும்பக் கூப்பிடுவியான்னு பாத்தேன்.”