சத்தியபாமாவின் ஒன்பதாம் பிரிவு

திங்கட்கிழமை காலை தட்டச்சுக் கடையைத் திறந்தபோது கதவுக்கடியில் ஒரு தாள் கிடந்தது. சிங்களத்தில் கையால் எழுதிய துண்டுப் பிரசுரம். ஓரத்தில் இரண்டே வரி: இருநூறு பிரதி வேண்டும். வெள்ளிக்கிழமை வந்து எடுப்போம்.

சத்தியபாமா கதவைச் சாத்திவிட்டு அதைத் திரும்ப வாசித்தாள். எண்பத்தொன்பதாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அது. மகாவலி ஆற்றில் மிதந்து வந்த உடல்களைப் பற்றிச் சனங்கள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். பிரதி எடுத்துக் கொடுக்காவிட்டால் தாளைப் போட்ட, அரசுக்கு எதிராகக் கிளம்பிய சிங்களக் கிளர்ச்சிக்காரர்கள் விடமாட்டார்கள். கொடுத்தால் இராணுவம் விடாது. பேராதனையில் எந்தெந்தக் கடையில் போட்டோப் பிரதி இயந்திரம் இருக்கிறதென்று போன மாதம்தான் இராணுவத்தினர் பதிந்துகொண்டு போயிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் அந்த இயந்திரம் கடையை விட்டுப் போனால்தான் அவளுக்கு உயிர்.

சாவகச்சேரியிலிருந்து பத்தொன்பது வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் கந்தையா நெஞ்சுவலியில் போனபோது மகளுக்கு மூன்று வயது. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் வீடு எரிந்தபோது ஒரு கையில் மகளையும் மறு கையில் தட்டச்சு இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு ஓடியவள். அதில் அடித்துக் கொடுத்தும் பிள்ளைகளுக்குத் தட்டச்சுப் பழக்கியும்தான் பிறகு இருவரும் சோறு தின்றார்கள். பிரதி இயந்திரம் மட்டும் சொந்தமில்லை. கண்டியில் ஒரு கம்பனி வாடகைக்குக் கொடுத்தது.

அன்றே பஸ் பிடித்துக் கண்டிக்குப் போனாள். மனேஜர் இராமநாதன் கோப்பைப் புரட்டினார்.

"டீச்சர், உங்கட ஒப்பந்தம் யூலை முதலாம் திகதியே இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நீண்டு போச்சு."

"நான் ஒண்டிலயும் கையெழுத்து வைக்கேல்லையே?"

"வைக்கத் தேவையில்லை. வேண்டாமெண்டால் முப்பது நாளுக்கு முந்திப் பதிவுத் தபாலில அறிவிச்சிருக்க வேணும். இல்லாட்டில் தானாகவே தொடரும்."

"வேலைநிறுத்தத்தில தபால் கந்தோர் பூட்டிக் கிடக்கேக்க பதிவுத் தபாலுக்கு நான் எங்க போறது?"

"அது கம்பனியின்ர பிழை இல்லை." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாரும் மெஷினைத் திருப்பித் தந்தால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். அதோட டீச்சர், இந்தப் படிவத்தை அடிச்சுத் தந்ததே நீங்கள்தானே. வாசிக்காமலோ அடிச்சனீங்கள்?"

அந்தக் கேலி அவளைச் சுட்டது. வாசிக்காமல்தான் அடித்தாள். கண் எழுத்தைப் பார்க்கும், விரல் அடிக்கும். மனம் இரவுச் சமையலில் இருக்கும். வேகம் வேண்டுமென்றால் பொருளைப் பார்க்காதே என்று தன் மாணவிகளுக்கும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போனாள். பாவனையாளர் முறைப்பாடுகளைக் கவனிக்கும் சிங்கள உத்தியோகத்தர் பொறுமையாகக் கேட்டார்.

"ஒப்பந்தம் முடியப் போவதை வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சட்டம் எதிலும் இல்லை, மிஸ். இருக்க வேண்டிய சட்டம்தான். உங்கள் பத்திரத்திலேயே அப்படி ஏதாவது எழுதியிருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம்."

கச்சேரிப் படியில் அவள் நின்றுவிட்டாள். மனத்துக்குத் தெரியாத ஒன்று விரல்களுக்கு ஞாபகம் வந்தது. எண்பத்தெட்டில் இராமநாதன் அதே படிவத்தைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருந்தார். அப்போது மூன்றாம் பக்கம் நாலு வரி குறைந்திருந்தது. எந்த நாலு வரி?

வீட்டுக்கு ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தாள். மகளின் சட்டைகளுக்கடியில் அவளுடைய பத்திரம் இருந்தது. எண்பத்தேழில் கையெழுத்திட்டது, பழைய படிவம். தான் அடித்த எழுத்தை அன்றுதான் முதன்முறையாக வாசித்தாள். ஒன்பதாம் பிரிவு: தவணை முடிய நாற்பத்தைந்து நாளுக்கு முன் கம்பனி கடிதம் மூலம் நினைவூட்ட வேண்டும், தவறினால் ஒப்பந்தம் தானாகத் தொடராது.

புதன்கிழமை ஊரடங்கு. அந்த ஒரு நாள் அவளுக்கு ஒரு யுகமாகக் கழிந்தது. வியாழன் காலை அந்தப் பத்திரத்தை மனேஜரின் மேசையில் வைத்தாள்.

இராமநாதன் இரண்டு முறை வாசித்தார். "இந்தப் பிரிவை எடுத்துவிடச் சொன்னனானே?"

"ஓம், அடுத்த வருஷம் எடுக்கச் சொன்னீங்கள். என்ர கையெழுத்து அதுக்கு முந்தினது. நினைவூட்டின கடிதம் இருந்தால் காட்டுங்கோ."

அவர் கோப்பைத் தேடவில்லை. அதை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "என்ன நடந்தது, டீச்சர்?"

"கேளாதேங்கோ. லொறியை மட்டும் அனுப்புங்கோ."

பின்னேரம் நாலு மணிக்கு லொறி வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவள் ஒரு பெண். குடை, ரப்பர் செருப்பு, இருபது வயதுகூட இராது. இயந்திரம் நின்ற இடத்தில் சீமெந்துத் தரை மட்டும் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தாள்.

"மெஷின் எங்கே, அக்கா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஒப்பந்தம் முடிந்துவிட்டது. கம்பனிக்காரர் கொண்டுபோய்விட்டார்கள்."

"எங்களுக்குப் பயந்து அனுப்பினீர்களா?"

சத்தியபாமா கம்பனி கொடுத்த விடுவிப்புக் கடிதத்தை நீட்டினாள். அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். ஒப்பந்தம் யூன் மாதத்தோடு முடிந்ததென்று காட்டிய திகதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். தட்டச்சுப் படிக்க வந்த மூன்று பிள்ளைகள் விசைகளிலிருந்து விரலை எடுத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி. என் தாளைத் தாருங்கள்."

சத்தியபாமா அதை எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவளின் முகம் தன் மாணவிகளின் முகத்தைப் போலவே பிஞ்சாயிருப்பதை அப்போதுதான் கண்டாள்.

"பிள்ளை, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ."

"என்னுடைய ஒப்பந்தத்தை முடிக்க எந்தக் கடிதமும் இல்லை, அக்கா," என்றாள் அவள். தாளைச் சட்டைக்குள் மடித்து வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

குடை கெட்டம்பைச் சந்தியில் மறையும்வரை சத்தியபாமா வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே திரும்பி, "அடியுங்கோ பிள்ளையள்," என்றாள். "மெதுவா. என்ன எழுதியிருக்கு எண்டு வாசிச்சு வாசிச்சு அடியுங்கோ."