அம்மன் காலடியில் இரண்டு பொட்டலங்கள்

எந்தச் சந்தேகம் வந்தாலும் இப்போது கைப்பேசியைத்தான் கேட்கிறேன். அடையாற்றிலிருந்து தி. நகருக்கு எந்த வழியாகப் போவது என்பதில் தொடங்கி, கண் ஆபரேஷனை இந்த வருடமே செய்துகொள்ளலாமா என்பது வரை. அது பொறுமையாக இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொல்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை, என் மேல் அதற்குப் பிரியம் கிடையாது என்பதைத் தவிர. அப்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

எனக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தபோது மயிலாப்பூரில் இருந்தோம். அப்பா காலமாகிவிட்டார். நான் போனால் அம்மா தனி. எதையும் அறிவால் தீர்த்துவிடலாம் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு. கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு, சாதக பாதகங்களுக்கு மதிப்பெண் கொடுத்தேன். 'போகலாம்' என்று விடை வந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் கூட்டுவேன். 'இருக்கலாம்' என்று வந்தால் வேலைக்குக் கொஞ்சம் கூட்டுவேன். ரொம்ப நல்ல அறிவு!

பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்மா, "அந்தப் பொட்டிய மூடு. பூப்போட்டுப் பாத்துடலாம்" என்றாள்.

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நான் போக வேண்டும், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். அம்மாவே வீட்டில் மடித்து எடுத்து வந்தாள். தெருக்கோடிக் கோயிலில் பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, பூத்தட்டில் கொண்டுவந்து நீட்டினார். "நீயே எடு" என்று சொல்லிவிட்டு அம்மா பிரகாரம் சுற்றப் போய்விட்டாள்.

ஒன்றைப் பிரித்தேன். வெள்ளை. பூவையெல்லாம் நம்பாதவளுக்கு எதற்கு அழுகை வர வேண்டும்? ஆனால் வந்தது. மனசு கேட்காமல் மற்றதையும் பிரித்தேன். அதிலும் வெள்ளை.

என்னை அனுப்பிவைக்க அம்மனையே ஏமாற்றத் துணிந்திருக்கிறாள் அம்மா. இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? ஒரு பொட்டலத்து வெள்ளையைத் தட்டில் கொட்டிவிட்டு, அங்கே கிடந்த சிவப்பு அரளி ஒன்றை எடுத்து அதற்குள் வைத்தேன்.

சுற்றி வந்தவளிடம் நீட்டினேன். "சிவப்பும்மா. இருக்கச் சொல்றா."

அம்மா பூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே அம்மனைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அவள் குட்டு உடைந்துவிடும். "நல்லாப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவேயில்லை. தினம் எதற்காவது சண்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாகவே இருந்தோம். கடைசிக் காலத்தில் ஒரு சாயங்காலம் பூத்தொடுத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அன்னிக்கு நான் சிவப்பு வாங்கவே இல்லடி" என்றாள்.

"தெரியும்மா."

"நீதான் மாத்தினேன்னு எனக்கும் தெரியும்." கை நார் முடிச்சைப் போட்டுக்கொண்டே இருந்தது. "அம்மனே மாத்தியிருந்தாக்கூட எனக்கு அவ்ளோ சந்தோஷம் வந்திருக்காது."