முப்பத்தொரு நொடி

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். மின்னல் தன் கையால் கெட்டாள்.

மின்னல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டைக் கம்பெனியில் காலர் பொருத்தும் வரிசைப் பெண்கள் வைத்தது. மற்றவர்கள் துணியை எடுத்து மடித்து ஊசிக்கடியில் கொடுப்பதற்குள் இவள் தைத்து முடித்துத் தட்டில் போட்டிருப்பாள். பதினொரு வருஷமாக அதே மெஷின், அதே ஸ்டூல். பக்கத்து மெஷினில் நாத்தனார். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்து, அவனுக்கு மின்னலைக் கட்டிவைத்தவள். நாற்பத்தெட்டு வயதில் மணிக்கட்டு இரண்டும் வீங்கிக் கிடந்தன. வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடும்.

மணிக்கு எண்பது காலர் என்று சுவர்ப் பலகையில் எழுதியிருக்கும். நாத்தனார் கைக்கு எழுபதைத் தாண்டாது. மீதியை மின்னல் தன் தட்டிலிருந்து அவள் தட்டுக்கு நைசாகத் தள்ளிவிடுவாள். "எனக்குப் பிச்சை போடுறியா?" என்று நாத்தனார் ஒவ்வொரு முறையும் முறைப்பாள். ஒரு முறையும் திருப்பித் தள்ளியதில்லை.

அந்த வரிசையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எத்தனை நொடி ஆகிறது என்று வேலையை அளக்கிற கடிகாரக்காரர் கூடத்துக்குள் நுழைந்தால், வாசலோரத்து மெஷின்காரி கத்தரிக்கோலைத் தரையில் போடுவாள். டணங்கென்று சத்தம் கேட்டதும் முப்பது பேர் கையும் தானாக நிதானமாகும். அவர் அளக்கிற ஒரு கைதானே முப்பது பேருக்கும் அளவு! ஒருத்தி ஓடினால் மறுநாள் எல்லோரும் ஓட வேண்டும்.

அன்றைக்கும் கத்தரிக்கோல் விழுந்தது. மின்னலுக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று அவளே பிறகு சொல்லிப் பார்த்தாள், ஆனால் கேட்டது. கடிகாரக்காரர் நேரே அவளிடம் வந்து நின்றார்.

"உங்க கையைப் பத்தி எல்லாரும் சொல்றாங்கம்மா. நீங்க ஒரே ஒரு காலர் தைச்சுக் காட்டுங்களேன். நான் பார்க்கணும்."

நீங்க! பதினொரு வருஷத்தில் அந்தக் கூடத்தில் அவளை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. 'ஏய்', 'இந்தா', 'மூணாம் மெஷின்' என்பதுதான் அவள் பெயர். அந்த ஒரு சொல் போய் எங்கே தொட்டதோ, கை பறந்தது. காலர் தட்டில் விழுந்தபோது கடிகாரக்காரர் கையிலிருந்த கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினார்.

"முப்பத்தொரு நொடி" என்றார். சிரித்துக்கொண்டே எழுதினார்.

மறுநாள் காலையில் பலகையில் நூற்றுப்பத்து என்று இருந்தது. இரண்டு வாரம் இப்படி ஓடட்டும், பிறகு இன்னொரு முறை அளந்து நிரந்தரமாக்குவார்களாம்.

வரிசையில் யாரும் மின்னலைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாத்தனார்தான் வாய் திறந்தாள்.

"அவன் 'நீங்க'ன்னான், நீ குளிர்ந்துட்ட. 'மேடம்'னு சொல்லியிருந்தா என்னடி பண்ணியிருப்ப? கட்டடத்தையே சேர்த்துத் தைச்சிருப்பியா?"

"தப்புதான் அண்ணி."

"தப்புன்னு சொல்லிட்டா என் மணிக்கட்டு இளைச்சிடுமா?"

ஒரு நிமிஷம் ஓடுகிற ஓட்டத்தை நாள் முழுக்க ஓட முடியுமா? மின்னலாலேயே முடியவில்லை. நூற்றுப்பத்தை எட்டவே அவளுக்கு நாக்குத் தள்ளியது. பக்கத்துத் தட்டுக்குத் தள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. கழிப்பறைக்குப் போகிற நேரம் மிச்சமாகட்டும் என்று பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்கள். கொண்டுவந்த பாட்டில்கள் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்பின. குருவி தலையில் பனங்காயை வைத்துவிட்டு, பறக்கவில்லையே என்று கேட்டான் சூப்பர்வைசர். துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, கப்பல் நிற்கிறது என்று எந்நேரமும் கத்துவதால் அவனுக்குப் பெயரே கப்பல்.

முதல் வாரமே நாத்தனாருக்கு எச்சரிக்கைச் சீட்டு வந்தது. மூன்று சீட்டு வந்தால் வாசல்தான். இந்த வயதில், இந்தக் கையோடு வேறு எந்தக் கம்பெனி உள்ளே விடும்? கப்பலின் செருப்புச் சத்தம் தங்கள் பக்கம் வரும்போதெல்லாம் மின்னல் நாத்தனாரின் தட்டை ஓரக்கண்ணால் எண்ணினாள். வீட்டில் புருஷன் முகத்தைப் பார்க்கவே கூசியது. அவன் தன் அக்காவின் மணிக்கட்டில் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தான்.

இரண்டாவது வாரம், அவசரத்தில் ஊசி நாத்தனாரின் ஆள்காட்டி விரலில் இறங்கிவிட்டது. நகத்தைத் துளைத்து மறுபக்கம் வந்தது. கப்பல் ஓடிவந்து, முதலில் துணியில் ரத்தம் பட்டதா என்று பார்த்தான். பிறகு சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான்.

"படிச்சுப் பாரு. ஊசிக்கு முன்னாடி தடுப்புக் கம்பியை இறக்கிட்டுத்தான் தைக்கணும்னு போட்டிருக்கா இல்லையா? நீ இறக்கல. தப்பு உன்னோடது."

அது இரண்டாவது சீட்டு.

தடுப்புக் கம்பியை இறக்கினால் கண்ணை மறைக்கும், கை தயங்கும், எண்பதே வராது. கம்பியை மேலே தூக்கிவிட்டுத் தைக்கச் சொல்லிக் கொடுத்தவனே கப்பல்தான்.

அன்று சாயங்காலம் கப்பல் மின்னலைத் தனியாகக் கூப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை மறுபடி அளக்க வர்றாரு. உன்னைத்தான் அளப்பாரு. அதே முப்பத்தொண்ணைக் காட்டு. நான் மேல போறேன், என் நாற்காலி உனக்கு."

"மெதுவா தைச்சா?"

"அவரு நோட்டுல உன் கை ஏறிடுச்சும்மா. நடிச்சா தெரியாதா? நடிச்சா உனக்கும் வாசல்தான்."

வேகமாகத் தைத்தால் நாத்தனார் வெளியே. மெதுவாகத் தைத்தால் இரண்டு பேருமே வெளியே. மின்னலுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மதியம் டப்பாவைத் திறக்காமலேயே போய் அந்தத் தாளுக்கு முன்னால் நின்றாள். பதினொரு வருஷமாக முதுகுக்குப் பின்னால் தொங்கிய தாள். எழுத்துக்கூட்டி எட்டு வரியையும் படித்தாள். மறுபடி படித்தாள். மணி அடிக்கிறவரைக்கும் படித்தாள்.

வெள்ளிக்கிழமை கத்தரிக்கோல் விழுந்தது. கடிகாரக்காரர் வந்தார். "ஆரம்பிங்கம்மா" என்றார்.

மின்னல் காலை மிதியில் வைத்தாள். தடுப்புக் கம்பியை இறக்கினாள். துணியில் வெட்டுக்குறி இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தாள். தைத்தாள். மெஷினை நிறுத்தினாள். நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரிக்கோலால் வெட்டினாள். காலரின் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். ஊசி முனை சரியாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகுதான் தட்டில் வைத்தாள்.

"ஐம்பத்தெட்டு" என்றார் கடிகாரக்காரர். "என்னம்மா இது?"

"நடிக்கிறா சார்!" என்று கத்தினான் கப்பல்.

மின்னல் கையால் சுவரைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "நீங்க ஒட்டின தாளுங்க ஐயா. அதுல ஒண்ணைக்கூட விடல. போன தடவைதான் எல்லாத்தையும் விட்டுட்டேன். அப்படி விட்டா விரலுக்குள்ள ஊசி போகும், சீட்டும் தருவாங்க."

கடிகாரக்காரர் தாளைப் படித்தார். நாத்தனாரின் கட்டுப்போட்ட விரலைப் பார்த்தார். அவளை ஒரு காலர் தைக்கச் சொன்னார். அவளும் கம்பியை இறக்கினாள். அறுபத்தொன்று. அடுத்தவள் ஐம்பத்தொன்பது. எழுதிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை பலகையில் எழுபத்தைந்து என்று இருந்தது. நல்ல மனசா? ரத்தம் பட்ட சட்டையைக் கப்பலில் ஏற்ற முடியாதே, அந்தக் கணக்காகத்தான் இருக்கும். எப்படியோ, மூன்றாவது சீட்டு வரவில்லை. மின்னலின் மெஷினில் மட்டும் வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். மின்னலைக் கீழ்த்தளத்தில் நூல் வெட்டும் மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஸ்டூல் கிடையாது, பத்து மணி நேரமும் நின்றபடி வேலை.

"என்னால உன் கால் போச்சுடி" என்றாள் நாத்தனார், இரண்டு நாள் கழித்துப் படிக்கட்டில்.

"உங்க கை இருக்குல்ல அண்ணி."

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உன் இடத்துக்கு வந்தவளுக்கு நம்ம சட்டத்தைச் சொல்லிட்டேன். அவளும் எனக்கு அஞ்சு தள்ளுறா. திமிரு பிடிச்சவ, முகத்தைக்கூடப் பார்க்காம தள்ளுறா."

மின்னல் கீழே போன மூன்றாவது வாரம், நூல் வெட்டும் அறை வாசலில் கடிகாரக்காரர் தலை தெரிந்தது. மேசையில் இருந்த எல்லோரிடமும் கத்தரிக்கோல் சட்டத்தை மின்னல் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தாள், முந்தின நாள் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணைத் தவிர. அவரோ நேரே அந்தப் பெண்ணிடம்தான் போனார்.

"நீங்க புதுசா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. கத்தரிக்கோலை இறுக்கிப் பிடித்தாள்.

மின்னல் தன் கத்தரிக்கோலைத் தரையில் போட்டாள். அதற்கு அர்த்தம் அந்தப் பெண்ணுக்கு எங்கே தெரியும்? ஆனால் மேசையைச் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். ஒன்று, இரண்டு, ஐந்து என்று எல்லோர் கத்தரிக்கோலும் தரையில் விழுந்தன. அந்தப் பெண் திடுக்கிட்டு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கடிகாரக்காரரின் கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

மின்னல் குனிந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நிதானமாக, அந்தப் பெண் பார்க்கும்படி எடுத்தாள்.