பதினாறு கலசமும் ஒரு ஹோல்டர் பெட்டியும்

"…அதெல்லாம் இருக்கட்டுங்க தம்பி, குடம் மொத்தம் பதினாறு. அதுல எத்தனை குடம் வரைக்கும் உங்க பெட்டி தாங்கும்? அதை மட்டும் சொல்லுங்க."

போனில் இந்தக் கேள்வி வந்தபோது வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி. நான் தஞ்சாவூரில் வாயில் பிரஷ்ஷோடு நின்றேன். கேட்டவர் திருக்கடையூர் கோயில் மண்டபத்தில், மேல்சட்டை இல்லாமல், மனைவி பக்கத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு அறுபதாம் கல்யாணம். கொஞ்ச நேரத்தில் குருக்கள் கலசத் தண்ணீரை அவர் தலையில் ஊற்றப் போகிறார். அவர் நெஞ்சிலோ முந்தின நாள் நான் ஒட்டியனுப்பிய ஐந்து ஒயரும், கழுத்தில் தொங்கும் பையில் ஹோல்டர் பெட்டியும்.

சோப்பு டப்பா அளவுதான் அந்தப் பெட்டி. ஒரு நாள் முழுக்க நெஞ்சு துடிப்பதைப் பதிந்துகொண்டே இருக்கும். விலையைக் கேட்டால் நமக்குத் துடிப்பு எகிறும். தண்ணீர் பட்டால் அதன் கதை முடிந்தது.

நான் இதற்குப் படித்தவன் இல்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரும் டி.வி.யையும் டேப் ரிக்கார்டரையும் ரிப்பேர் பார்த்துப் பிழைத்தவன். புது டி.வி. தவணையில் கிடைக்க ஆரம்பித்ததும் பழசைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்கள்? ஒருநாள் ஓர் ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஈ.சி.ஜி. மெஷினின் கேபிளைச் சரிசெய்யப் போனேன். "நாளைக்கும் வாங்க" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. பதினேழு வருஷம் போனேன்.

அங்கே நடந்தது ஹெச்.ஐ.வி. உள்ளவர்களின் இருதயம், நுரையீரல், ரத்தம் பற்றிய ஆராய்ச்சி. டாக்டரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "மாத்திரை வந்ததும் நம்ம ஆளுங்க சாகறத நிறுத்திட்டு வயசாக ஆரம்பிச்சுட்டாங்க. வயசானா எல்லாருக்கும் வர்ற சீக்கு இவங்களுக்குக் கொஞ்சம் முன்னாடியே வருதா, ஏன் வருதுன்னு பாக்குறோம்." எனக்கு அது போதுமாக இருந்தது.

போனில் பேசியவருக்கு ராமையன் என்று பேர் வைத்துக்கொள்வோம். திருவிடைமருதூர் பக்கம். வளைகுடாவில் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். விசா புதுப்பிக்க ரத்தம் எடுத்தவர்கள் அப்படியே ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள். இங்கே ஒரு டாக்டர் ரெண்டு வருஷம் கெடு வைத்தாராம். "அவருக்கும் ஒரு பத்திரிகை வைக்கலாம்னு தேடினேங்க. ரிட்டயராயிட்டாராம்" என்று ராமையன் பிற்பாடு என்னிடம் வருத்தப்பட்டார்.

"அண்ணே, கல்யாணம்னு நேத்து ஏன் சொல்லல? ஃபாரத்துல உங்களுக்கு அம்பத்தெட்டுதானே ஆகுது?"

"அது ஸ்கூல்ல வாத்தியார் போட்ட வயசு. சாமி நட்சத்திரமில்ல பாக்கும்?"

"குளிக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"நான் எங்கங்க குளிக்கிறேன்? அவங்கல்ல ஊத்துறாங்க!"

நாங்கள் கொடுத்த தேதி முடியாது என்றால் ஆராய்ச்சியிலிருந்தே பேரை எடுத்துவிடுவோம் என்று பயந்திருக்கிறார். அது தெரிந்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது.

"ஒயரெல்லாம் தெரியுமே அண்ணே. யாரும் கேக்கலையா?"

"கேக்காமயா? ஹார்ட்டுன்னேன். தம்பி, இத்தனை வருஷமா மாத்திரையை அரிசி டின்னுல ஒளிச்சு வச்சுத் தின்னவன் நான். இன்னிக்குத்தான் ஒரு சீக்க வாய்விட்டுச் சொல்லியிருக்கேன். என்னா மரியாதைங்கிறீங்க! ரெண்டு பேர் விசிறி வீசுறாங்க. எனக்கு ரெண்டு ஸ்டென்ட்டுங்கிறார் சம்பந்தி, ஒருத்தர் பைபாஸுங்கிறார். கூட்டமே நம்ம சீக்குதாங்க!"

நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் அந்தப் பை ஞாபகம் வந்தது. காணாமல் போனால் திரும்பி வரட்டும் என்று, ஆராய்ச்சியின் முழுப் பேரையும் இங்கிலீஷில் அச்சடித்து அதன்மேல் ஒட்டியவன் நான்தான். ஹெச்.ஐ.வி. என்ற மூன்று எழுத்தும் அதில் கொட்டை கொட்டையாக இருந்தது. சட்டைக்குள் கிடக்கும் பைதானே என்று நினைத்தேன். மனைவி சரோஜா அக்காவைத் தவிர அந்தக் குடும்பத்தில் யாருக்கும் விஷயம் தெரியாது. ராமையன் தன் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த வீட்டுச் சம்பந்தி தாலுகா ஆபீஸில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுத்து என்று ஒன்று இருந்தால் பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூட விடமாட்டார். படித்தால் அந்தப் பெண் மறுநாளே பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

"அண்ணே, அந்தப் பைய யார் கையிலயும் குடுத்துடாதீங்க!"

"கழுத்துல தொங்குறத சம்பந்திதாங்க கையில பிடிச்சிருக்கார். கண்ணாடி போட்டுப் பாத்துக்கிட்டிருக்கார்."

வாயில் இருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். அதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டார். குரல் மெதுவாக வந்தது.

"தம்பி, பதறாதீங்க. விடியக்காலம் வேன்ல ஏறுறப்பவே பாத்துட்டேன். அந்த எழுத்து மேல சந்தனத்த அப்பி, நடுவுல குங்குமம் வச்சுட்டேன். நல்ல நாளும் அதுவுமா மிஷினுக்கும் பொட்டு வச்சிருக்குன்னு சம்பந்தி கன்னத்துல போட்டுக்கிறார்."

அன்றிலிருந்து எங்கள் பைகளில் வெறும் நம்பர்தான். பேர் கிடையாது, எழுத்து கிடையாது. பெட்டி மாட்டுவதற்கு முன்னால், "இந்த வாரம் வீட்ல என்ன விசேஷம்?" என்று கேட்காமல் நான் ஒரு ஒயரையும் தொட்டதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான்: ஃபாரத்தை அப்புறம் நிரப்புங்கள், ஆளிடம் முதலில் பேசுங்கள்.

போன் திரும்ப ராமையனிடம் வந்ததும், "பதினெட்டு மணி நேரம் ஓடினா போதும்ணே, உங்களுக்கு இருபது தாண்டிடுச்சு. கழட்டி அக்கா கைப்பையில போட்டுடுங்க" என்றேன். "சரிங்க" என்றவர் போனை அணைக்காமல் பாயில் வைத்துவிட்டார். அதனால் எல்லாம் கேட்டது. நெஞ்சு முடியோடு ஸ்டிக்கர் பிய்ந்து வர, ஐந்து தடவை "ஆ!" அக்கா அடக்கமாட்டாமல் சிரிப்பது. "எங்கிட்ட குடுங்க சம்பந்தி, நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்று சம்பந்தியின் குரல். ராமையன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தண்ணி படாம தள்ளி நில்லுங்க, என் நெஞ்சே அதுக்குள்ளதான் இருக்கு" என்று பையோடு பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

மேளம் உச்சத்துக்குப் போனது. முதல் குடம் கொட்டிய சத்தம் கேட்டது. ராமையன் குளிரில் நடுங்கிக்கொண்டே, "இன்னும் ஊத்துங்க சாமி!" என்று கத்தினார்.