ஆமையின் முதுகில் இருந்த கை

மலைநாட்டில், அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்குக் கடலில் என்ன வேலை என்று கேட்காத ஆளில்லை. திருகோணமலையில், சுற்றுலா வரும் விருந்தாளிகளைக் கடலுக்கடியில் அழைத்துப்போகும் வேலை எனக்குக் கிடைத்தபோது, "வயித்தெரிச்சல் புடிச்சவங்க பேசட்டும், நீ போ" என்று அனுப்பிவைத்தவர் அம்மா ஒருவர்தான்.

அன்று காலை பவளப்பாறை இடுக்கிலிருந்து ஓர் அழுங்காமை வெளியே வந்தது. ஓட்டுக்காக மனிதர்கள் கொன்று கொன்றே அருகிப்போன இனம். என்னுடன் வந்த விருந்தாளி அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு, படமெடுக்கும்படி நண்பருக்குச் சைகை காட்டினார். மூச்சு வாங்க மேலே போக அது துடித்தது. ஆள் விடவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய விரல்களைப் பிரித்துக் கையைத் தள்ளிவிட்டேன். ஆமை மேலே போனது.

கரையில் அவர் தையத்தக்கா என்று குதித்தார். முதலாளி என்னைத் தனியே அழைத்தார்.

"தோட்டத்துப் பெட்டைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? போய் மன்னிப்புக் கேள்."

தோட்டத்து மேலாளரான துரையின் வண்டி வந்தால் ஓரம் ஒதுங்கிச் சலாம் போட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கை தானாக நெற்றிக்குப் போய்விடும். அன்று போகவில்லை.

"கேக்க மாட்டேங்க. நான் தப்பு செய்யல."

"அப்ப வேலை இல்லை. இப்பவே வெளிக்கிடு."

"இன்னைக்கு ஊருக்குப் போக முடியாதுங்க."

ஆழத்தில் மூழ்கியவர் அன்றே மலையேறக் கூடாது. உடம்பில் சேர்ந்த காற்று, உயரத்தில் நுரைத்து மூட்டுகளைப் பிடிக்கும். வேலை பழகிய புதிதில், கடலிலிருந்து நேரே பஸ் ஏறிப் போய், தோள்வலியைக் குளிர் என்று நினைத்துத் தைலம் தேய்த்த மடச்சி நான். பிறகு அந்த விதியைச் சொல்லித் தந்தவரே இந்த முதலாளிதான். அவருடைய முக்குளிப்புக் கடை வாசலிலேயே பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்ட விருந்தாளிகள் எல்லோருக்கும் நடந்ததைச் சொன்னேன்.

மறுநாள் காலை பஸ் ஏறி, ஹட்டன் வழியாகச் சாயங்காலம் வீடு சேர்ந்தேன். அம்மா அப்போதுதான் கொழுந்து எடுத்துவிட்டு வந்திருந்தார். முதலாளியைக்கூட எதிர்த்துவிட்டேன், அம்மாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"கைய மெதுவாவா தள்ளிவிட்ட?"

"இல்லம்மா. வலிக்கிற மாதிரிதான்."

"அப்ப சரி. தெக்குப் பக்கமும் கடல் இருக்குல்ல? சாப்புட்டுட்டு அங்க வேல தேடு."